சைக்கிளும் குளிர்காற்றும் ஒரு கையில்லாச் சட்டையும்

தெற்கேயிருந்து தலைநகருக்குக் குடியேறும் நம்மவர்கள், முதல் தீபாவளி கழிந்த கையோடு செய்யும் காரியம் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஸ்வெட்டர் வாங்குவதுதான் அது. சென்னையில் வெப்பநிலை 20 டிகிரிக்கு இறங்கினாலே காதைப் பொத்திக்கொள்ளும் இனமல்லவா நாம்! தில்லியிலோ ஜனவரி விடியலில் 7 டிகிரி என்பது வழக்கமான அளவு. நான்கு, மூன்று என்று இறங்கும் நாட்களும் பல ஆண்டுகளில் உண்டு. ஆகவே, "கனமாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பாட்டியும் சொல்கிறாள். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரும் சொல்கிறார். பஸ்ஸில் செல்பவருக்கும் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கும் இதைவிட நல்ல புத்திமதி வேறில்லை. சைக்கிளில் செல்பவருக்கோ இது பாதிப் புத்திமதிதான்.

நம் மகள் கல்லூரிக்குப் போகும் வழியில், மெட்ரோ நிலையம் வரை நான்கு கிலோமீட்டர் சைக்கிளில் செல்பவள். சென்ற மார்கழியில் ஒருநாள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் அணிந்து சென்று திரும்பியவள், "முதுகு வேர்க்கிறது, மார்பு விறைக்கிறது, இது என்ன அப்பா கூத்து?" என்று கேட்டாள். கூத்து அன்று, அவள் சொன்ன ஒரு வாக்கியத்திலேயே முழு விஷயமும் அடங்கியிருந்தது. சைக்கிளில் செல்பவருக்குப் பகை குளிர் அன்று, காற்று. அதுவும் எங்கும் சூழ்ந்த காற்றன்று. நேர் எதிரே மார்பில் மோதும் காற்று.

இலை அசையாத ஒரு விடியற்காலை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதிப்பவர்மீது அதே வேகத்தில் காற்று வீசத்தான் செய்கிறது. மேற்கேயிருந்து மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால், மார்பு ஏற்பது முப்பது. கம்பளி நமக்கு வெப்பம் தருகிறது என்று சொல்கிறோமே, அது ஒரு பேச்சு வழக்கு. அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுத்தான் உடலின் வெப்பத்தைக் காக்கிறது. கையால் பின்னிய ஸ்வெட்டரை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆயிரம் கண்கள் தெரியும். எதிர்க்காற்று அந்தக் கண்களின் வழியே புகுந்து, சிறைப்பட்ட வெதுவெதுப்பான காற்றை வெளியே தள்ளிவிட்டுத் தான் குடியேறுகிறது. மேலும் ஒரு ஸ்வெட்டர் போட்டால் மேலும் ஆயிரம் கண்கள், அவ்வளவே.

இந்தக் காற்றின் கடுமையை முதன்முதலில் அளந்து பார்க்க முயன்றவர்கள், அண்டார்க்டிகாவில் தங்கியிருந்த பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்னும் இரண்டு அமெரிக்கர்கள். சிறு உருளையில் நீரை நிரப்பிக் காற்றில் வைத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கெடுத்தார்கள். 1945-இல் வெளியான அவர்கள் கணக்கை, கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் புதிதாகத் திருத்தியமைத்தன. அந்தத் திருத்திய கணக்கைத் தில்லிக்குப் பொருத்திப் பார்த்தால், 7 டிகிரிக் குளிரில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசும்போது, திறந்த தோலுக்கு அது ஏறத்தாழ மூன்றரை டிகிரிபோல் இருக்கும். 5 டிகிரி என்றால் ஒரு டிகிரிபோல் இருக்கும். நம் வீட்டு வெப்பமானி காட்டும் எண் ஒன்று. சைக்கிள்காரரின் மார்பு காணும் எண் வேறொன்று.

அப்படியானால் முதுகு ஏன் வேர்த்தது? மிதிப்பவரின் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்ற முக்கால் பங்கும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. சைக்கிள் ஓட்டுபவர் ஓர் அடுப்பைச் சுமந்து செல்கிறார் என்றே சொல்லலாம். முன்புறத்தில் காற்று அந்த அடுப்பை அணைக்கிறது. பின்புறத்திலோ இரண்டு ஸ்வெட்டரும் புத்தகப் பையும் சேர்ந்து அதை மூடிவைக்கின்றன. வியர்வை தங்குகிறது. சிவப்பு விளக்கில் ஒரு நிமிடம் நின்றதும் அந்த ஈரமே குளிராக மாறி உடலைத் தைக்கிறது.

ஆகவே வேண்டியது, முன்னே காற்றைத் தடுத்துப் பின்னே வியர்வையை விடும் ஒரு மெல்லிய உடுப்பு. இதைச் சைக்கிள் கடைகளில் கையில்லாத விண்ட்சீட்டர் என்கிறார்கள். கை இல்லாதது ஒரு குறையன்று. அக்குளைச் சுற்றியுள்ள திறப்பின் வழியே உடலின் மிகுவெப்பம் வெளியேறுகிறது. கைகளுக்கு ஸ்வெட்டரின் கையே போதும். தில்லி காசுமீரம் அன்றே! வடநாட்டார் இதை வெகுகாலமாக அறிந்தவர்கள் என்று தோன்றுகிறது. அவர்கள் குளிர்காலத்தில் அணியும் கையில்லாச் சட்டைக்குச் 'சத்ரி' என்று பெயர். மார்பு என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழியாகப் பிறந்த பெயர் அது.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் குடியிருப்பில் நாளிதழ் போடுபவர், பீகாரிலிருந்து வந்து பல ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்பவர். விடியற்காலை நாலரை மணிக்குப் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிச் சைக்கிளில் ஏற்றினால், எட்டு மணி வரை இறக்கமாட்டார். நம் மகள் செல்வது நான்கு கிலோமீட்டர். அவர் சுற்றுவது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. அவள் விரும்பினால் ஒருநாள் ஆட்டோவில் போகலாம். அவருக்கு அந்த விருப்பம் இல்லை. இருபது ஆண்டு அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த காற்றுத் தடுப்பு, முந்தின நாள் விற்காமல் மீந்த பத்திரிகையை மடித்து ஸ்வெட்டருக்குள் மார்போடு வைத்துக்கொள்வது.

இது ஏழையின் உபாயம் என்று யாரும் இளக்காரமாக எண்ணவேண்டாம். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெயர்பெற்ற சைக்கிள் பந்தயம் 1903-இல் தொடங்கியது. அதில் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைச்சிகரங்களை எட்டும் வீரர்கள், வழியில் நிற்பவர்களிடம் ஒரு செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மறுபக்கம் இறங்குவது பல பத்தாண்டுகளாக வழங்கிவந்த பழக்கம். தாளில் கண்கள் இல்லை, காற்று புகாது. எடையும் இல்லை; வேண்டாதபோது எறிந்துவிடலாம். உலகின் தலைசிறந்த வீரர்களும் நம் பத்திரிகைக்காரரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்! ஆனால் தாள் வியர்வையில் நைந்துபோகும். குனிந்து நிமிர்ந்தால் நழுவும். அதனால் அவர் அதன்மேல் ஒரு போர்வையையும் சுற்றிக்கொள்வார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் போர்வையின் முனை பின்சக்கரத்தின் கம்பிகளில் சிக்கி, நம் தெருமுனையிலேயே அவர் விழுந்தார். மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் தொழில் இல்லை. சைக்கிளில் செல்லும் பெண்மக்களின் துப்பட்டாவுக்கும் சால்வைக்கும் இதே ஆபத்து உண்டு. குளிர்கால உடுப்பில் தொங்கும் முனை ஒன்றும் இருக்கலாகாது என்பதை நாம் அன்றுதான் கண்ணாரக் கண்டோம்.

இவ்விருவருக்குமாக நல்ல கையில்லாச் சட்டை தேடிப் போனபோது அறிந்துகொண்டவற்றையே அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

முதலில் துணி. பருத்தியால் ஆகாதா என்று கேட்பவர் உண்டு. ஆகும். இங்கிலாந்தில் 1920-களில் பர்ன்லி என்னும் நெசவூரில், லாப்ரடார் பனிநாட்டில் தொண்டாற்றிய கிரென்ஃபெல் என்ற மருத்துவருக்காக, காற்றுப் புகாத நெருக்கமான பருத்தித் துணி ஒன்றை நெய்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரில், கடலில் விழும் விமானிகளைக் காப்பதற்காக 'வென்டைல்' என்ற பருத்தித் துணி உருவாயிற்று. நீர் பட்டதும் அதன் இழைகள் ஊதிக் கண்களை அடைத்துக்கொள்ளும். இரண்டும் இன்றும் மதிப்புடையவை; ஆனால் கனம் மிகுதி, விலையும் மிகுதி, நனைந்தால் உலர நேரமாகும். சைக்கிள்காரர் பையில் மடித்து வைப்பதற்கு அவை ஏற்றவை அல்ல. ஆகையால் நைலானுக்கோ பாலியெஸ்டருக்கோ வந்து சேர்கிறோம். நைலான் உராய்வைத் தாங்கும். பாலியெஸ்டர் வெயிலைத் தாங்கும். தோளில் பைவார் உரசுகிறவருக்கு நைலான் நல்லது.

இழையின் பருமனை டெனியர் என்ற அளவால் சொல்வார்கள். ஒன்பதாயிரம் மீட்டர் நீள இழை எத்தனை கிராம் நிறுக்கிறதோ அத்தனை டெனியர். பதினைந்து இருபது டெனியர் துணியில் தைத்த சட்டை உள்ளங்கையில் அடங்கிவிடும். அழகுதான், ஆனால் தினமும் பையின் வார் உரசினால் நீடித்து உழைக்காது. முப்பது, நாற்பது அதற்கு மேல் என்றால் சற்றே சலசலக்கும், உழைக்கும். துணியில் சிறு சிறு கட்டங்கள் தெரிந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் பருத்த இழை கோத்து நெய்திருக்கிறார்கள் என்று பொருள். முள்ளோ கம்பியோ குத்திக் கிழித்தாலும், கிழிசல் ஒரு கட்டத்தோடு நிற்கும். பாராசூட் துணி நெய்தவர்கள் கண்ட வழி இது.

அடுத்து, காற்றைத் தடுப்பது நெசவா, பூச்சா என்று பார்க்கவேண்டும். சட்டையை உள்வெளியாகத் திருப்புங்கள். உட்புறம் பளபளவென்று ஒரு மெல்லிய படலம் தெரிந்தால் அது பூச்சு. புதிதில் பூச்சுக்கு இணை இல்லை. ஆனால் பாலியூரிதேன் என்னும் அந்தப் பூச்சுக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. தில்லி வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். பிப்ரவரியில் பெட்டிக்குள் போன உடுப்பு, மே மாதத்து 45 டிகிரியையும் ஆடி ஆவணியின் புழுக்கத்தையும் தகரப் பெட்டிக்குள்ளேயே கழித்துவிட்டு நவம்பரில் வெளியே வருகிறது. சில ஆண்டுகளில் பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். அப்படி உதிரத் தொடங்கிய உடுப்பை எந்தத் தையற்காரரும் காப்பாற்ற முடியாது. நெருங்கிய நெசவாலேயே காற்றைத் தடுக்கும் துணிக்கு இந்தக் கேடு இல்லை. அது நூற்றுக்கு நூறு தடுக்காது, தடுக்கவும் வேண்டாம். சிறிது காற்று ஊடுருவினால்தான் வியர்வை வெளியேறும்.

கடைக்காரர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. நாம் போன கடையில் மூன்று சட்டைகளை எடுத்துப் போட்டு, மூன்றும் காற்றே புகாதவை என்று அவர் சத்தியம் செய்யாத குறைதான். நம் மகள் ஒவ்வொன்றையும் இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, துணியில் வாயை வைத்து ஊதினாள். முதலாவதில் மூச்சு கொசுவலையில் புகுவதுபோல் புகுந்தது. இரண்டாவதில் பலூன் ஊதியதுபோல் கன்னம் உப்பியது, அதாவது மழைக்கோட்டு. மூன்றாவதில் மூச்சு தடைப்பட்டு, சற்று நேரம் கழித்து மறுபுறத்துக் கைக்கு மெல்லிய வெதுவெதுப்பாகத் தெரிந்தது. "இதுதான் அப்பா" என்றாள். கடைக்காரர் வியப்போடு தாமும் ஒருமுறை ஊதிப் பார்த்தார். ஆய்வுக்கூடம் இல்லாதவருக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

நீரை ஒட்டாமல் உருட்டிவிடும் மேற்பூச்சு என்று ஒன்றைச் சொல்லி விலையைக் கூட்டுவார்கள். தில்லிக் குளிர்காலத்தில் பெய்வதெல்லாம் ஓரிரு நாள் தூறல். அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். தவிர, இதுகாறும் அந்தப் பூச்சுக்குப் பெரிதும் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குபவை. கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் உடுப்புகளில் அவற்றைத் தடைசெய்திருக்கிறது.

துணிக்கு அடுத்தது ஜிப். உண்மையில் துணிக்கு முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டியது. ஏனெனில் இத்தகைய உடுப்புகளில் முதலில் உயிர் விடுவது அதுவே. நம் பேட்டையில் ஒரு வேப்பமரத்தடியில் மிஷின் போட்டிருக்கும் முதிய தையற்காரரை எல்லோரும் மாஸ்டர்ஜி என்று அழைப்பார்கள். புதிய சட்டை வாங்குமுன் அவரிடம் கேட்டபோது, அவர் துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜிப்பின் பல் சிறுத்திருக்கிறதா, பருத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். மூடிய ஜிப்பின் பல்வரிசை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அகலமிருந்தால் அது மூன்றாம் எண். ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் ஐந்தாம் எண். எடை குறைக்கவேண்டும் என்று மூன்றாம் எண்ணை வைத்துவிடுகிறார்கள். ஓடும் சைக்கிளில் ஒரு கையால் இழுத்து மூடித் திறக்கும் சட்டைக்கு ஐந்தாம் எண்ணே உழைக்கும்.

மாஸ்டர்ஜி சொன்ன மற்றொரு செய்தி நமக்குப் புதியது. ஜிப் மூடிய பின்னும் நடுவே வாய் பிளக்கிறது என்றால் பற்கள் கெட்டுவிட்டன என்று பலரும் எண்ணிச் சட்டையையே எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பற்கள் நன்றாகவே இருக்கும். அவற்றைச் சேர்க்கும் ஓட்டிதான் தேய்ந்து அகன்றிருக்கும். ஓட்டி உலோகமானால் இடுக்கியால் மெல்ல நெருக்கியே சில மாதம் ஓட்டலாம். பிறகு சில ரூபாய்க்குப் புதிய ஓட்டி மாற்றிவிடலாம். ஆகவே ஜிப்பின் எண் என்ன, ஓட்டி உலோகமா என்று பார்ப்பதுதான் ஒரு சட்டையின் ஆயுளைப் பார்ப்பது. கீழிருந்தும் மேலிருந்தும் திறக்கும் இரட்டை ஓட்டி இருந்தால் இன்னும் நல்லது. குனிந்து மிதிக்கும்போது வயிற்றருகே சிறிது திறந்துவிட்டுக்கொள்ளலாம். ஜிப்பின் பின்னே ஒரு விரற்கடை அகலத்துக்குத் துணிப்பட்டை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பல்வரிசையின் வழியே காற்று கோடு கிழித்தாற்போல் நெஞ்சில் இறங்கும். பிடியில் ஒரு நாடா கட்டியிருந்தால் கையுறையோடும் இழுக்கலாம். இல்லையென்றால் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம்.

அளவு பார்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடிமுன் நிமிர்ந்து நின்று பார்த்தால் எல்லாச் சட்டையும் பொருந்தும். சைக்கிளில் யாரும் அப்படி நிற்பதில்லையே! உள்ளே போடும் ஸ்வெட்டரோடு அணிந்து, கைகளை முன்னே நீட்டி, கைப்பிடியைப் பற்றுவதுபோல் குனிந்து பார்க்கவேண்டும். அப்போது பின்புறம் இடுப்புக்குமேல் ஏறினால் அது ஆகாது. முதுகின் அடிப்பாகம் சற்று நீண்டிருக்கவேண்டும். முன்புறம் பை போல் தொங்கினால் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அக்குள் திறப்பு பெரிதாயிருந்தால் அதன் வழியே காற்று புகுந்து சட்டை பலூனாகிவிடும். கழுத்துப்பட்டி தாடை வரை எட்டவேண்டும். முதுகில் வலைத்துணி வைத்துத் தைத்திருந்தால் மிக நல்லது. நம் மகள் கடை மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதைப் பார்த்து அங்கிருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

நிறத்தில்தான் வீட்டில் வாதம் மூண்டது. அவளுக்குக் கருநீலம் வேண்டும். அழுக்குத் தெரியாது என்பது அவள் கட்சி. தில்லியில் ஜனவரி முதல் வாரங்களில் சூரியன் உதிப்பது ஏழேகால் மணிக்கு. மூடுபனியில் 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லையென்றால் வானிலைத் துறை அதை 'மிக அடர்ந்த மூடுபனி' என்று வகுக்கிறது. அத்தகைய காலைகள் இங்கே அபூர்வம் அல்ல. கருநீலம் அணிந்து அதற்குள் சைக்கிள் ஓட்டுவது, லாரிக்காரரின் கண்ணுக்கு மறைந்து ஓட்டுவதே ஆகும். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் நன்று; ஆனால் அதன் பளபளப்பு பகல் ஒளியில் உள்ள புறஊதாக் கதிரால் வருவது. இருட்டில், விளக்கொளியில் அது சாதாரண மஞ்சள்தான். அப்போது உதவுவது, வண்டி விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் வெள்ளிப் பட்டை.

அந்தப் பட்டை எங்கே இருக்கவேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இரவில் ஒரு மூடிய பாதையில் மோட்டார் ஓட்டுபவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கறுப்பு உடையணிந்த சைக்கிள்காரரை நூற்றுக்கு 2 பேரும், பளிச்சென்ற நிறச்சட்டையை 15 பேரும், வெள்ளிப்பட்டைச் சட்டையை 50 பேரும் அடையாளம் கண்டார்கள். சட்டையோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோதோ 90 பேர் கண்டார்கள். மேலும் கீழும் அசையும் ஒளியைப் பார்த்தவுடனே, மனிதன் மிதிக்கிறான் என்று கண் அறிந்துகொள்கிறது. கல்லூரி மாணவிக்கு முதுகில் பை இருக்கிறது. சட்டையின் முதுகுப் பட்டையை அது முழுக்க மறைத்துவிடும். ஆகவே வாதம் இப்படி முடிந்தது: சட்டை அவள் விரும்பிய கருநீலமே, பையின் பின்புறம் ஒரு பட்டை, இரு கணுக்கால்களிலும் இரண்டு பட்டை, சைக்கிளின் பின்னே சிவப்பு விளக்கு. தாயார் இதற்கு இன்னும் முழு மனத்தோடு இசையவில்லை.

பத்திரிகைக்காரருக்கு வேண்டிய சட்டையோ வேறு இனம். அவள் ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பையில் மடித்து வைப்பவள். மெல்லிய துணி போதும். அவர் மூன்றரை மணி நேரம் ஏறி இறங்கிக் கட்டுகளைத் தூக்கிப் போடுபவர். தோளில் இரட்டைத் தையல், கனத்த துணி, எலுமிச்சை மஞ்சள் நிறம், மார்பிலும் முதுகிலும் அகன்ற வெள்ளிப் பட்டை ஆகியவை வேண்டும். தானம் என்று அவர் எண்ணிவிடக் கூடாதே என்ற தயக்கம் நமக்கு இருந்தது. எங்கள் மாடிவரிசையில் உள்ள நான்கு குடும்பங்கள் சேர்ந்து, பொங்கலன்று மாதப் பில்லோடு கொடுத்தோம். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்வதற்கு முன், "உள்பாக்கெட் இல்லையே சாப், பில் புத்தகத்தை எங்கே வைப்பேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நமக்கு மிகவும் பிடித்தது. பயன்படுத்தப் போகிறவர்தான் அப்படிக் கேட்பார். மாஸ்டர்ஜி பழைய பாண்ட் துணியில் ஒரு பை தைத்து உள்ளே வைத்துக் கொடுத்தார். போர்வை இப்போது வீட்டில் இருக்கிறது. கடுங்குளிர் நாட்களில் பழைய பத்திரிகையை மட்டும் அவர் விடவில்லை. இந்தச் சட்டை அதை நழுவாமல் பிடித்துக்கொள்கிறதாம்.

அவரிடம் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டியிருந்தது. குளிர்கால விடியலில் தில்லித் தெருமுனைகளில் காவலாளிகளும் ரிக்ஷாக்காரர்களும் சுள்ளி போட்டுத் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவரும் இடையிடையே அங்கே கை காய்ச்சுவார். பருத்தியும் கம்பளியும் பொறி பட்டால் கருகும். நைலானும் பாலியெஸ்டரும் 220 முதல் 260 டிகிரி வெப்பத்தில் உருகுபவை. உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டால் புண் ஆழமாகிவிடும். தீயருகே போகுமுன் கழற்றிச் சைக்கிளில் மாட்டிவிட வேண்டும். லோஹடிக் கொண்டாட்டத்தில் சொக்கப்பனை போலத் தீ வளர்க்கும்போது சுற்றி நிற்கும் நம் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. எந்தச் சட்டையும் நுரையீரலுக்குக் கவசம் ஆகாது. காற்றின் மாசுக் குறியீடு 400-ஐத் தாண்டிக் 'கடுமை' என்று அறிவிக்கப்படும் நாட்களில், நம் மகளைச் சைக்கிளை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறோம். பத்திரிகைக்காரருக்கு அதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவருக்கு முகமூடி ஒன்றைக் கொடுத்தோம். மாடி ஏறும்போது மூச்சு முட்டுகிறது என்று பாதி நேரம் கழுத்தில்தான் தொங்குகிறது.

இனி விலை. சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை எல்லா விலையிலும் கிடைக்கிறது. ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையிலும் பார்க்கலாம். சரோஜினி நகரில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கில் கிளறியும் எடுக்கலாம். அங்கே கழுத்தில் தைத்த சீட்டைப் பார்த்து மயங்காமல், ஊதிப் பார்த்து, ஜிப்பைப் பத்து முறை ஏற்றி இறக்கி, தோள் தையலை இருபுறமும் இழுத்துப் பார்த்து எடுத்தால் போதும். பருத்திப் பின்னலாடைக்குத் திருப்பூர் எப்படியோ அப்படிக் கம்பளிப் பின்னலாடைக்கு லூதியானா. இந்நாட்டுச் சைக்கிள் உற்பத்திக்கும் அதுவே தலைநகர். ஒரே ஊர் சைக்கிளும் செய்கிறது, ஸ்வெட்டரும் செய்கிறது! இரண்டுக்கும் இடையே வேண்டிய இந்த மெல்லிய சட்டையைத்தான் நாம் தனியே தேடவேண்டியிருக்கிறது.

வாங்கியபின் செய்யவேண்டியவை சிலவே. வெந்நீரில் போடக்கூடாது, துணி மென்மைக்கென்று விற்கும் திரவத்தைச் சேர்க்கக்கூடாது, இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுபோகக் கூடாது. ஜிப்பை மூடிவிட்டுத் துவைத்தால் பற்கள் துணியைக் கடிக்காது. சிறு துளை விழுந்தால் உடனே உள்ளும் புறமும் நைலான் ஒட்டுத்துணியை வட்டமாக வெட்டி ஒட்டவேண்டும்; சதுரமாக வெட்டினால் மூலை உரியும். ஹோலிக்குமுன் நன்கு உலர்த்திப் பெட்டியில் வைக்கும்போது இறுக்கி மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். பூச்சுள்ள சட்டையானால் தகரப் பெட்டியே வேண்டாம். வெயில் படாத அறையில் ஆணியில் மாட்டிவிடலாம்.